ஓநாய் கையில போன் குடுத்தா அது காமெடி ஆயிடாதுங்க

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி 11 மணிக்கு பிள்ளைங்க கதைப் போட்டிக்கு எழுதின 26வது பேப்பரை எடுக்கறேன், அதுலயும் சிவப்புத் தொப்பிக்காரி கதையில வர ஓநாய் மேப் போட்டுட்டு பாட்டி வீட்டுக்கு கிளம்புது, பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன்ல மாட்டிக்குது, பாட்டி தப்பிச்சுட்டாங்க, சுபம். இதோட 17 ஓநாய் அங்க நிக்குது. அந்த ஜங்ஷன்ல இருக்கற டிராபிக் பத்தாதா?

நான் அல்சூர் பக்கம் 14 வருஷமா சனிக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கறேன், வார நாள்ல ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். அஞ்சாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் பிள்ளைங்க. வருஷா வருஷம் "தெரிஞ்ச கதையை சிரிப்பா மாத்தி எழுது"ன்னு ஒரு போட்டி வெப்போம், வருஷா வருஷம் நான் தலையில அடிச்சுக்குவேன். பிள்ளைங்க மேல கோபம் இல்ல, அவங்களுக்கு சொல்லிக் குடுக்கற நம்ம மேலதான்.

"பொருளை மாத்திட்டா சிரிப்பு வந்துரும்"னு யாரு சொன்னா உங்களுக்கு? டீச்சருங்களே கிளாஸ்ல "மாடர்னா மாத்துங்க கண்ணா, போன் வெச்சுக்கோங்க, ஆன்லைன் ஆர்டர் வெச்சுக்கோங்க"ன்னு சொல்றாங்க, நானே காதால கேட்டிருக்கேன். சரி, மாத்திப் பாப்போம். பாட்டி வடைக்கு பதிலா பீட்சா சுடறாங்க, காக்கா பீட்சாவை தூக்கிட்டு போகுது, நரி பாடச் சொல்லுது, காக்கா பாடுது, பீட்சா கீழ விழுது. என்ன மாறிச்சு? மெனு கார்டு மாறிச்சு, அவ்ளோதான். கதையில இருக்கற ஒருத்தர் கூட வேற மாதிரி யோசிக்கல. காக்காவை ட்ரோன் ஆக்கினாலும் இதே கதிதான், நரியை யூடியூபர் ஆக்கினாலும் இதே கதிதான், ராஜகுமாரன் குதிரையை விட்டுட்டு மெட்ரோல வந்தாலும் அவன் அதே ராஜகுமாரன்தான்.

அந்த வடையை கால்ல அமுக்கிட்டு பாடின காக்கா ஞாபகம் இருக்கா? முதல் தடவை கேட்டப்போ ஏன் சிரிச்சோம்? வடை வடையாவே இருக்கு, மரம் மரமாவே இருக்கு, ஆனா இந்த காக்கா பழைய கதையை கேட்டு வளந்த காக்கா. புத்தி ஒண்ணுதான் மாறிச்சு, அதுலேர்ந்து மொத்த கதையும் திரும்பிடுச்சு. (அதையே இந்த வருஷமும் 4 பேர் சொந்தக் கற்பனைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கண்ணுங்களா, அது உங்க அப்பா அம்மா சின்ன வயசுலயே கேட்ட ஜோக்.)

இப்போ நல்லா வந்த ஒண்ணை சொல்றேன். ஏழாவது படிக்கற பொண்ணு. ஓநாய் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வருது, செக்யூரிட்டி அண்ணா ரிஜிஸ்டரை நீட்டறாரு. பேரு, ஃப்ளாட் நம்பர், யாரை பாக்கணும், எதுக்கு. ஓநாய் உண்மையா எழுதுது, "பாட்டி. சாப்பிட." அண்ணா படிச்சுட்டு, "சாப்பாடா? டெலிவரின்னா மெயின் லிஃப்ட் கூடாது, சர்வீஸ் லிஃப்ட்ல போ"ங்கறாரு. அது ரிப்பேர். ஓநாய் பதினோரு மாடி ஏறி, பெல் அடிச்சு, கதவு திறந்ததும் "பாட்டி, முதல்ல கொஞ்சம் தண்ணி"ங்குது. நான் பேப்பரை வெச்சுட்டு சிரிச்சேன், பக்கத்து ரூம்லேர்ந்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்தாரு.

இதுலயும் பெங்களூர் இருக்கு, லிஃப்ட் இருக்கு, ஆனா இதுல யாருமே ஜோக் அடிக்கல, அதை கவனிங்க. ஓநாய்க்கு பசி, அண்ணாவுக்கு ரூல்ஸ், ரெண்டு பேரும் ரொம்ப சீரியஸ். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுலயே பரமார்த்த குரு கதையில இதை பண்ணிக் காட்டிட்டாரு. ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்க சிஷ்யன் கொள்ளிக்கட்டையை தண்ணில வெக்கறான், சுர்ருன்னு புகை வருது, ஐயோ முழிச்சிருக்குன்னு அலறிட்டு ஓடி வரான். அவனுக்கு உயிர் போற பயம், நமக்கு வயிறு வலிக்குது.

அப்புறம், மூலக்கதையை படிக்காம மாத்தாதீங்க. கார்ட்டூன்ல பாத்ததை வெச்சு எழுதினா கார்ட்டூனோட ஜெராக்ஸ்தான் வரும். சிவப்புத் தொப்பிக்காரி கதையை 1697ல பிரான்ஸ்ல சார்ல்ஸ் பெரோ அச்சுல போட்டப்போ ஓநாய் பாட்டியையும் தின்னுச்சு, பொண்ணையும் தின்னுச்சு, கதை அங்கயே முடிஞ்சுது. வேட்டைக்காரன் வந்து வயித்தை வெட்டி காப்பாத்தறது 1812ல கிரிம் சகோதரர்கள் புத்தகத்துலதான் வருது. தவளை ராஜகுமாரனுக்கும் கிரிம்ல முத்தமெல்லாம் கிடையாது, அந்தப் பொண்ணு கடுப்பாகி தவளையை தூக்கி சுவத்துல அடிக்குது, அப்போதான் அவன் ராஜகுமாரன் ஆகறான். இதை கிளாஸ்ல சொன்ன அன்னிக்கு அரை மணி நேரம் பாடமே நடக்கல, ஆனா அன்னிக்கு எழுதினதுதான் அந்த வருஷத்துலயே பெஸ்ட். பெரியவங்களே மாத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சதும் பிள்ளைங்களுக்கு கை தானா ஓடுது.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்றேன். சிண்ட்ரெல்லா அக்காங்களை குண்டு, கருப்பு, திக்குவாய்னு எழுதறதை காமெடின்னு நினைச்சு நாமளும் சிரிச்சு விட்டுடறோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் அப்படி எழுதி சத்தமா படிச்சான், எல்லாரும் சிரிச்சாங்க, மூணாவது பெஞ்ச்ல ஒரு குழந்தை மட்டும் டெஸ்க்கை பாத்துட்டே இருந்துச்சு. நான் அப்போ நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. கிரிம்ல அந்த அக்காங்க பாக்க அழகு, வெள்ளை வெளேர்னு இருப்பாங்க, மனசுதான் கருப்புன்னு எழுதியிருக்கு (அங்கயும் நிறம்தான், அதை தனியா பேசணும்). அவங்க மூஞ்சியை விடுங்க, அவங்க போடற சீனை கிண்டல் பண்ணுங்க. பிளீஸ்.

மொழியை ரொம்ப திருத்தாதீங்க. நம்ம ஊர் பிள்ளைங்க தமிழ்ல கன்னடம் கலந்துதான் வரும், ஓநாய் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு) சொன்னா நான் சிவப்பு பேனாவை மூடி வெச்சுடுவேன். ஆனா ஆறாவது படிக்கற பையன் "எனினும் அவ்வெழில்மிகு வனத்தில்"னு எழுதிட்டு வந்தா எழுதினது யாருன்னு எனக்கு தெரியும், இல்ல எந்த ஆப்னு தெரியும். பேரண்ட்ஸ், பரிசு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்ங்க, அதுக்காக நீங்க ராத்திரி உக்காந்து எழுதணுமா?

வர சனிக்கிழமை அந்த 17 ஓநாயையும் திருப்பிக் குடுக்கப் போறேன். சில்க் போர்டுலேர்ந்து இறக்கி பாட்டி வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வாங்க, அதுக்கு என்ன வேணும்னு கேளுங்க, அங்கேர்ந்து ஒரு பக்கம் கிளாஸ்லயே எழுதுங்கன்னு. கூட வர அம்மா அப்பாவுக்கு வராண்டால சேர் போட்டிருக்கேன், அங்கயே உக்காருங்க.