டிரஸ்ட் எல்லாம் அறக்கட்டளை ஆகாது

“உயிலில் ஓர் அறக்கட்டளை வைத்தால் மரபுரிமை வரி குறையும்.” பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கென்று எழுதப்படும் குறிப்புகளில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. மரபுரிமை வரி என்பது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி. ஆங்கிலத்தில் ‘டிரஸ்ட்’ என்றிருப்பதைத்தான் இப்படி ‘அறக்கட்டளை’ ஆக்கிவிடுகிறார்கள். போன மாதம் உறவினர் ஒருவர் கவலையோடு கேட்டார்: “அப்போ வீடு தர்மத்துக்குப் போயிடுமா? பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா?” அவர் மேல் பிழையே இல்லை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

டிரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. நம்பிக்கை என்று பொருள். சட்டத்தில், சொத்து ஒருவர் பெயரில் இருக்கும், பலன் இன்னொருவருக்குச் சேரும். இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டுக்கு ‘யூஸ்’ என்று பெயர். நிலத்துக்கு உரியவர் இறந்தால் மேலுடைமையாளருக்கு (நிலப்பிரபுவுக்கு) கட்டவேண்டிய தொகையைத் தவிர்க்கத்தான் பலரும் நிலத்தை நண்பர்கள் பெயருக்கு மாற்றிவைத்தார்கள். வருவாய் போகிறதே என்று மன்னர் எட்டாம் ஹென்றி 1535-இல் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தார். ஆக, சாவும் வரியும் இதன் பிறப்பிலேயே உண்டு.

அறக்கட்டளை வேறு. கோயிலில் ஒரு பூசைக்கோ அன்னதானத்துக்கோ என்றைக்கும் நடக்கும்படி எழுதிவைப்பது கட்டளை. அருமையான சொல், அதன் இடத்தில். பிரிட்டன் வரிச் சட்டத்தில் அறப்பணிக்கு எழுதிவைக்கும் சொத்துக்கு மரபுரிமை வரி கிடையாது. நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கை அப்படிக் கொடுத்தால், மீதிக்கான வரி விகிதமும் 40-இலிருந்து 36 விழுக்காடாக இறங்கும். மனைவி மக்களுக்காக உயிலில் வைக்கும் டிரஸ்டுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. வரி வேறு வேறாக விழும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் என்ன செய்வார்?

“மக்களுக்குப் பழகிய சொல்லாச்சே” என்பார்கள். சரி, எந்தப் பொருளில் பழகியது? 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமே அறநிலையங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம் டிரஸ்டிக்கு ‘அறங்காவலர்’ என்ற சொல். அண்ணன் பிள்ளைகளின் பங்கைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவை அப்படி அழைத்தால், கோயில் நிர்வாகம்தான் நினைவுக்கு வரும். டிரஸ்டைப் ‘பொறுப்பாட்சி’ என்பவர்களும் உண்டு. அதில் நிர்வாகம் தெரிகிறது, நம்பிக்கை தெரியவில்லை.

இலங்கைச் சட்டத் தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: நம்பிக்கைப் பொறுப்பு. அங்கே பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களமே உண்டு. நீளம்தான், ஆனால் கேட்டவுடன் யாருடைய பொறுப்பு, யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது. வகைகளுக்கும் அங்கேயே சொல் கிடைக்கும். துணைவர் வாழும்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்குப் போவது சீவிய உருத்து. தம்பதியில் ஒருவர் முதலில் இறக்கும்போது, துணைவருக்குப் போகும் சொத்துக்கு வரியில்லை என்ற விலக்கு இதற்கும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதைப் பொறுப்பாளரே முடிவுசெய்வது தற்றுணிபு நம்பிக்கைப் பொறுப்பு; இதற்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் 6 விழுக்காடு வரி வரலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் இன்னொரு வருத்தம். பழைய குறிப்பையே திருப்பித் திருப்பித் தமிழாக்குகிறார்கள். ஒவ்வொருவரின் சொத்திலும் வரி விழாத முதல் தொகையான வரியில்லா வரம்பு வீணாகாமல் இருக்கத் தம்பதிகள் தற்றுணிபு வகையை உயிலில் வைத்தது ஒரு காலம். 2007 அக்டோபர் 9 முதல், முதலில் இறந்தவர் பயன்படுத்தாத வரம்பு மற்றவருக்கு மாறுகிறது. இருவருக்கும் சேர்த்து 6,50,000 பவுண்டு வரை, எந்த டிரஸ்டும் இல்லாமலே. பழைய உயிலை அப்படியே வைத்திருந்து வீட்டைத் தற்றுணிபு வகையில் விட்டால், பிள்ளைகளுக்கு வீடு போகும்போது கிடைக்கும் 1,75,000 பவுண்டு வரையிலான கூடுதல் வரம்பு கைநழுவும். இறந்து இரண்டு ஆண்டுக்குள் பொறுப்பாளர்கள் வீட்டைப் பிள்ளைகளுக்கே ஒதுக்கிவிட்டால் அதை மீட்கலாம். ‘அறக்கட்டளை’ என்று படித்து, வீடு தர்மத்துக்குப் போய்விட்டது என்று நம்பும் பிள்ளைக்கு இதைக் கேட்கவே தோன்றாது.