உதவித்தொகை வரவேண்டுமா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். அதோடு என்.எம்.எம்.எஸ். பொறுப்பும் பல வருடமாக என் தலையில்தான். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகை என்று நீளமான பெயர். எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு; தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

தேர்வுக்குத் தயார்ப்படுத்துவதுகூடப் பெரிய வேலையில்லை. அதற்கு அப்புறம்தான் இருக்கிறது பாடு.

ஒரு மாணவி. கவிதா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் 'மு. கவிதா', ஆதாரில் 'கவிதா முருகன்', பாஸ்புக்கில் 'கவிதா எம்'. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகாமல் இ-சேவை மையத்துக்கு நடந்தார். ஒரு நாள் சர்வர் இல்லை, மறுநாள் ஓடிபி வரவில்லை. ஆதாரில் கொடுத்திருந்த செல்போன் எண்ணை எப்போதோ மாற்றிவிட்டிருந்தார்கள்.

ஒருவழியாகப் பெயர் சரியானது. பணம் மட்டும் வரவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் இணைச்சாச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு. அரசுப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தில் பதிய வைப்பது வேறு. கடைசியாக எந்த வங்கி அப்படிப் பதிந்ததோ அங்கேதான் பணம் போகும். கவிதாவுக்கு ஆறாம் வகுப்பில் வேறொரு உதவித்தொகைக்காகத் தொடங்கி, வீட்டில் எல்லோரும் மறந்துபோன ஒரு கணக்கு இருந்தது. பணம் அதில் சத்தமில்லாமல் கிடந்தது.

எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. புதுக் கணக்கு வேண்டுமென்றால் அஞ்சலகத்தில் கேளுங்கள். எங்கள் பள்ளிக்குத் தபால்காரரே கைரேகைக் கருவியோடு வந்து தொடங்கிக் கொடுத்தார். இன்னொரு விஷயம்: பதினைந்து வயதில் கைரேகையையும் கண் பதிவையும் ஆதாரில் புதுப்பிக்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கிற நேரம் அது. பொதுத்தேர்வு மும்முரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இந்த ஒரு கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒழுங்குபண்ணிவிட்டால் கல்லூரியிலும் கைகொடுக்கும். 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்குக்குத்தான் வருகிறது.

பெற்றோர் தெரியாமல் செய்கிற இன்னொரு காரியம்: நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பது. அவர்கள் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் மாறினால் அதுவும் போச்சு, என்.எம்.எம்.எஸ். பணமும் போச்சு. டிசி கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து இதைச் சொல்லிவிட்டுத்தான் படிவத்தைக் கொடுக்கிறேன்.

அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு, மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு கொஞ்சம் கடுமை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும், பிள்ளையை ஹோமுக்குக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று ஒரு தாய் பயந்தே போனார். பணம் வருவதே பிள்ளை வீட்டிலிருந்து படிக்கத்தான் என்று புரியவைக்க இரண்டு முறை வீட்டுக்குப் போனேன்.

இப்போதெல்லாம் ஜூன் முதல் வாரத்தில் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக் மூன்றின் நகலையும் கொண்டுவரச் சொல்லி, பெஞ்சில் பரப்பி எழுத்தெழுத்தாக அவர்களையே வாசிக்க வைக்கிறேன். போன ஜூனில் ஒரு பையன் வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "டீச்சர், என் பாஸ்புக்குல எங்க அண்ணன் பேர் இருக்கு."