கற்றதை இழக்கும் குழந்தையும் நுண்குழல் புரதங்களின் வேதி மாற்றமும்

கழுத்து நின்று, குப்புற விழுந்து, உட்காரவும் பழகிய குழந்தை சில மாதங்களில் அத்தனையையும் ஒவ்வொன்றாக இழக்கும்போது, குழந்தைகள் நரம்பியல் பிரிவுக்கு வரும் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது, கர்ப்ப காலத்தில் உண்ட ஏதேனும் காரணமா, தடுப்பூசி காரணமா, கீழே விழுந்தது காரணமா என்பதுதான். இக்குழந்தைகளில் மிகச் சிலருக்கு இவற்றில் எதுவுமே காரணமன்று. நரம்பணுவின் உள்ளே, நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் புரதத்தில் நிகழ வேண்டிய வேதி மாற்றம் அளவு தவறியிருப்பதே அவர்களின் நோய்க்குக் காரணம்.

சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள், நரம்பணுவின் ஆக்ஸான் எனப்படும் நீண்ட இழைக்கு உள்சட்டமாகவும் சரக்குப் பாதையாகவும் இருக்கின்றன. பிரிந்து பெருகும் முன்னோடி அணுவில் (செல்லில்) இவை நிமிடக்கணக்கில் உருவாகிக் கலையும். அந்த அணு பிரிவதை நிறுத்தி நரம்பணுவாக வேறுபட்டு, ஆக்ஸானை நீட்டத் தொடங்கியதும் பல குழல்கள் நிலைபெறுகின்றன. அப்போது டியூபுலின்மீது வேதிக் குறிகள் ஏறுகின்றன: டியூபுலினின் ஒரு வகையான ஆல்பா டியூபுலினின் கடைசி அமினோ அமிலமான டைரோசின் அகற்றப்படுகிறது, அதன் 40ஆம் இடத்து லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசெட்டைல் என்ற வேதித் தொகுதி சேர்கிறது, வால்பகுதியில் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலி வளர்கிறது. டைரோசின் ஏறி இறங்கும் வினையை 1970களில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்; டைரோசினை அகற்றும் வாசோஹிபின் நொதி 2017இல்தான் அடையாளம் காணப்பட்டது. அந்நொதிக்குத் துணைநிற்கும் எஸ்.வி.பி.பி. புரதம் பழுதான குழந்தைகளுக்குத் தலை சிறுத்து, பேச்சும் நடையும் தொடக்கத்திலிருந்தே தாமதமாவது 2019இல் பதிவானது.

குளூட்டமேட் சங்கிலியால் வரும் நோய் வேறு விதமானது. சங்கிலியைச் சேர்க்கும் நொதிகளும், அளவோடு வெட்டிக் குறைக்கும் சி.சி.பி.1 போன்ற நொதிகளும் ஒருங்கே இயங்க வேண்டும். பிறக்கும்போது இயல்பாக இருந்து, சுமார் மூன்று வாரங்களுக்குப் பின் தள்ளாடத் தொடங்கும் ஒரு சுண்டெலி வகை 1976இல் விவரிக்கப்பட்டது. அதன் சிறுமூளையில் பர்கின்ஜி அணுக்கள் எனப்படும் பெரிய நரம்பணுக்கள் சரியாகவே உருவாகி, பிறகு மடிகின்றன. அங்கு வெட்டும் நொதி இல்லாததால் சங்கிலிகள் மிகுந்துவிடுகின்றன என்பதும், சேர்க்கும் நொதியைக் குறைத்தால் அந்த அணுக்களைக் காக்க முடியும் என்பதும் 2010இல் தெரியவந்தன. 2018இல் அதே மரபணுப் பழுது குழந்தைகளிலும் கண்டறியப்பட்டது. நரம்பணு நன்றாகவே அமைந்து, அதன்பின் குறிகள் மிகுந்து ஆக்ஸானின் போக்குவரத்து தளர்வதால்தான், கற்றதைக் குழந்தை இழக்கும் நிலை வருகிறது என்று நான் கருதுகிறேன்.

இந்நோயில் தசை தளர்ந்து, கைகால் வலுவிழப்பதால், முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய் என்ற ஐயமே முதலில் எழும். அதற்கு இன்று மருந்துகள் இருப்பதால் அதன் மரபணுச் சோதனையை உடனே செய்வதே முறை. ஆனால் அச்சோதனையில் பழுதில்லை என்று வந்ததும் பல குடும்பங்கள் அத்துடன் தேடலை நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. மூளை எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளை சுருங்கியிருந்தால், புரதங்களை ஆக்கும் மரபணுப் பகுதிகளை ஒருசேரப் படிக்கும் எக்ஸோம் பகுப்பாய்வு வரை போக வேண்டும்.

சுண்டெலியில் கண்ட பயன் இன்னும் மருந்தாக மாறவில்லை. உணவூட்டல், மூச்சுக் கவனிப்பு, இயன்முறைப் பயிற்சி ஆகியவையே இப்போதைய சிகிச்சை. பெற்றோர் இருவரும் நோயின்றி அந்த மரபணுவின் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்த குடும்பங்களில் ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். உறவில் மணக்காதவர்களுக்கும் இது நேரலாம். பழுது எதுவென்று முன்பே தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். ஆகவே மரபணு ஆலோசனையைக் கருத்தரிப்பதற்கு முன்பே பெறுவது நல்லது.