மீளுரு: ‘ரெப்ளிகா’வைப் போலி என்று எழுதலாகாது

பழைய குறுங்கணினிகளை இன்றைய பொருள்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்போரைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் ‘போலிக் கணினி’ என்னும் தொடரை அளவுக்கு மேல் படித்துவிட்டேன். ‘பி.டி.பி.-8 கணினியின் போலியை அவர் ஆறு மாதம் உழைத்து உருவாக்கினார்’ என்பது அண்மையில் கண்ட வரி. ஒவ்வொரு விளக்கையும் விசையையும் தம் கையால் ஈயப்பற்று வைத்துப் பொருத்தி, ஒரு பழைய பொறியை மறதியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த மனிதரை, அந்த ஒரு சொல் கள்ள நோட்டு அச்சடிப்பவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எழுதியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. ‘ரெப்ளிகா’ என்ற சொல்லுக்கு எதிரே எங்கோ ‘போலி’ என்று கண்டு எடுத்துப் போட்டிருக்கிறார். சொல் வாக்கியத்தில் விழுந்தபின் என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லின் வரலாறு சிறியது. இத்தாலிய மொழியில் ‘ரெப்ளிகா’ என்பது திரும்பச் செய்தல். அதன் அடியான இலத்தீன் வினைக்கு ‘மீண்டும் மடித்தல்’ என்பது பொருள். கலையுலகில், ஓவியர் தம் படைப்பைத் தாமே மறுமுறை தீட்டுவதையே இச்சொல் கண்டிப்பான பொருளில் குறித்தது. பிறர் செய்தவையும் பின்னர் அதனுள் அடங்கின. கள்ளக் கைக்கடிகாரம் விற்போர் இப்பெயரைப் போர்த்திக்கொள்வது உண்டு. அது விற்பவரின் குற்றம், சொல்லின் குற்றம் அன்று.

‘மினிகம்ப்யூட்டர்’ என்பதைக் குறுங்கணினி என்று நான் எழுதுவதற்கும் ஒரு விளக்கம் தேவைப்படலாம். சிலர் ‘சிறிய கணினி’ என்று எழுதிவிட, படிப்பவர் உள்ளங்கையில் அடங்கும் பொருளைக் கற்பனை செய்துகொள்கிறார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965இல் வெளியிட்ட பி.டி.பி.-8 உள்ளங்கையில் அடங்குவதன்று. ஒரு கூடத்தையே நிறைத்த பெருங்கணினிகளுக்கு எதிரே அது குறுகியது, அவ்வளவே. குறுநில மன்னர் என்று நாம் சொல்வது அவருடைய உயரத்தை அளந்து அன்று. வேந்தரின் நிலத்தோடு ஒப்பிட்டுத்தான். கணினியியலில் ‘சொல்’ எனப்படும் தரவுத் தொகுதிகளில், 12 பிட் அளவுள்ள 4,096ஐக் காந்த வளைய நினைவகத்தில் வைத்திருந்த அந்தக் கணினி 20,000 டாலருக்குக் குறைந்த விலையில் வந்ததால், பெருநிறுவனங்களுக்கு வெளியே இருந்த ஆய்வகங்களும் தமக்கென ஒரு கணினியை வைத்துக்கொள்ள முடிந்தது. தமக்கெனக் கிடைத்த கணினியோடு ஏற்பட்ட அந்த உறவிலிருந்துதான் இன்றைய ஏக்கமும் பிறக்கிறது.

இனி, போலி. இதற்காக வாதிடுவோரில் ஒரு சாரார் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ‘போல்’ என்னும் உவமைச் சொல்லிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல் இது என்கிறார்கள், உண்மை. இலக்கணத்தில் இதற்கு இழிபொருள் இல்லை என்கிறார்கள், அதுவும் உண்மை. மஞ்சு என்பது மைஞ்சு என்று வருவது முதற்போலி, அறம் என்பது அறன் என்று வருவது கடைப்போலி. ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. பழங்கணினி ஆர்வலர் ஆஸ்கர் வெர்மூலன் வடிவமைத்த, வாங்குவோர் தாமே பொருத்திக்கொள்ளும் ‘பைடிபி-8’ பாகத் தொகுப்பில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். 1968இல் வந்த பி.டி.பி.-8/ஐ கணினியின் முகப்புப் பலகை வெளியே இருக்கிறது. உள்ளே அக்காலத்து மின்சுற்று அட்டைகள் நின்ற இடத்தில் ராஸ்பெரி பை என்னும் இன்றைய சிறு கணினி அட்டை நிற்கிறது. அதில் பாப் சுப்னிக் தொடங்கிவைத்த சிம்எச் என்னும் மென்பொருள் பழைய கணினியின் கட்டளைகளை ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டுகிறது. அக்காலத்து நிரல்கள் எழுத்து மாறாமல் இதில் ஓடுகின்றன. உள்ளிருக்கும் பாகம் வேறு, பயன் ஒன்று. நன்னூல் வழியில் சிந்தித்தால் இதைப் போலி என்பது பொருத்தமே என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சொற்கள் நன்னூலில் மட்டும் வாழவில்லை. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என்று நாள்தோறும் படிக்கும் கண்ணுக்கு, ‘போலிக் கணினி’ என்றதும் கடைப்போலி நினைவுக்கு வருமா, காவல்துறை நினைவுக்கு வருமா? தூய்மையை நானும் விரும்புகிறேன். எனினும், தூய சொல் தவறான பொருளைத் தருமானால் அதன் தூய்மை வாசகருக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. இன்னொன்றையும் கருத வேண்டும்: போலி என்பது தன்னை மறைக்கும் பொருள்; மூலமே நான் என்று நம்பவைப்பதுதான் அதன் தொழில். பைடிபி-8 தொகுப்பின் முகப்போ மூலத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் செய்யப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு அளவில் கள்ள நோட்டு அடிப்பவர் உலகில் இல்லை. அளவைக் குறைத்து, உள்ளே இருப்பது இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லி, பெயரிலேயே ‘பை’யைச் சேர்த்துவைத்திருக்கும் ஒரு பொருளைப் போலி என்பது அதைச் செய்தவருக்கு இழைக்கும் அநீதி.

நகல் என்போரும் உள்ளனர். அது அரபுவழி வந்த சொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. அது தாளுக்கு உரிய சொல்லாக நிலைத்துவிட்டது என்பதற்காக மறுக்கிறேன். மாதிரி என்பது பெரும்பாலும் பொருளுக்கு முன்னே வருவது, பார்த்துச் செய்வதற்காக வைப்பது. இதுவோ பின்னே வருவது. படி என்னும் சொல்லே எனக்கு மிக நெருக்கமானது. ஓலை நைந்துபோகும் முன் புதிய ஓலையில் எழுதிவைத்ததைப் படியெடுத்தல் என்றனர். பழைய கணினிகளை மீண்டும் செய்வோரின் உள்ளத்தில் இருப்பதும் அதே பதைப்புதான். ஆனால் படிக்குப் பொருள்கள் ஏராளம். ‘மறுபடி’ வேறு வேலையில் அமர்ந்துவிட்டது, ‘உருப்படி’யும் அப்படியே.

ஆகவே ‘மீளுரு’ என்று எழுதலாம் என்பது என் துணிபு. மீள், உரு என்னும் இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. மீளுருவாக்கம் என்று செயலைக் குறிக்கும் சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அச்செயலால் கிடைத்த பொருளுக்கு மீளுரு என்பது இயல்பாக அமைகிறது. 1948இல் மான்செஸ்டரில் இயங்கிய ‘பேபி’ கணினியை அக்காலத்து வெற்றிடக் குழாய்களைத் தேடிச் சேர்த்து 1998இல் மீண்டும் செய்தார்களே, அதற்கும் இச்சொல் பொருந்தும். ராஸ்பெரி பை உள்ளே வைத்துச் செய்ததற்கும் பொருந்தும். அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓடும், அதே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பழைய கணினியான பி.டி.பி.-1 மட்டும் மீளுரு ஆகாது. அது மூலமே, செப்பனிடப்பட்டது.

‘மீள்’ என்பதை நான் விடாமல் பற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இப்பொறிகள் எழுப்பும் உணர்வைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’, 1688இல் யோகான்னசு ஓபர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்கியது. வீடு மீளல், வலி என்பன அதன் இரு பகுதிகள். இதையும் நம் மொழிபெயர்ப்பாளர்களில் சிலர் ‘கழிவிரக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். செய்த தவற்றை எண்ணி வருந்துவதல்லவா கழிவிரக்கம்? பன்னிரண்டு விசைகளை மும்மூன்றாகப் பார்த்து மேலும் கீழும் தள்ளி, முகவரியை ஏற்றி, ஒவ்வொரு கட்டளையாக நினைவகத்தில் இட்டு, இறுதியில் இயக்கு விசையை அழுத்தியதும் விளக்குகள் ஓடத் தொடங்குவதைப் பார்ப்பவர் எந்தத் தவற்றுக்கு வருந்துகிறார்? ஈழத்தமிழர் எழுத்தில் காணும் ‘நனவிடை தோய்தல்’ இவ்விடத்துக்கு எவ்வளவோ அழகாகப் பொருந்துகிறது. பழைய இழைவிளக்குகள் சட்டென்று அணையாமல் மெல்ல மங்கும், இன்றைய எல்.இ.டி. அப்படி மங்காது. அந்த மங்கலைக்கூட மென்பொருளால் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன் முன் அமர்ந்திருக்கும்போது நாம் உண்மையிலேயே ஒன்றில் தோய்கிறோம்.

போலி என்னும் சொல்லை இத்துறையிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. அதற்கு இங்கே வேறு வேலை காத்திருக்கிறது. பழைய மின்னணுச் சில்லுகளின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு, வேறு பெயரையும் எண்ணையும் அச்சிட்டு விற்கும் வழக்கம் உலகச் சந்தையில் இருக்கிறது. பழம்பொறிகளைச் செப்பனிடுவோர் இதற்கு அஞ்சியே பொருள் வாங்குகிறார்கள். அதுதான் போலி. கணினியையும் போலி என்று, சில்லையும் போலி என்று எழுதினால் எது கைவினை, எது களவு என்பது வாசகருக்கு விளங்காது. ‘அந்த மீளுருவில் இருந்த சில்லுகளுள் ஒன்று போலி’ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை.