டெஸ்டிமனி: சாட்சியா, சான்றா, கரியா?

"கொஞ்ச நாளாக என் டெஸ்டிமனி பலவீனமாக இருக்கிறது" என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு மார்மன் சொன்னால், சுற்றியிருப்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும். தமிழில் "என் சாட்சி பலவீனமாக இருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். வழக்குத் தோற்கப்போகிறது, வக்கீலை மாற்றச் சொல்லலாமா என்றுதான் தோன்றும். "அவர் தன் டெஸ்டிமனியை இழந்துவிட்டார்" என்பதை அப்படியே பெயர்த்தால் இன்னும் மோசம். பிறழ்சாட்சி ஆகிவிட்டாரோ என்று சந்தேகம் வரும்.

முதலில் பொருள். மார்மன்கள் என்று வெளியார் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் (2018இல் அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 'மார்மன்' என்ற பட்டப்பெயரை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார், ஆனால் ஊர் வாயை மூட முடியுமா) டெஸ்டிமனி என்பது ஒருவர் சொல்லும் வாக்குமூலம் மட்டுமல்ல, அவரிடம் இருக்கும் ஒன்றும்கூட. அந்தச் சபையின் அப்போஸ்தலர்கள் எனப்படும் உயர்தலைவர்களில் அப்போது ஒருவராக இருந்த டாலின் ஓக்ஸ் 2008இல் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: சில நித்திய உண்மைகள் மெய்தான் என்று பரிசுத்த ஆவியானவர் ஒருவருடைய ஆன்மாவுக்குத் தரும் தனிப்பட்ட சாட்சி. ஆக, சாட்சி சொல்பவர் ஆவியானவர், கேட்பவர் மனிதர். கேட்டவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். அதனால்தான் அது வளரும், தேயும், சில சமயம் காணாமல் போகும் என்றெல்லாம் பேசுகிறார்கள்.

வைத்திருப்பதை வாய்விட்டுச் சொல்ல மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று இரண்டு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு, மிச்சமான பணத்தை ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வருவார்கள். 1896 வரை இது வியாழக்கிழமை நடந்தது, அப்புறம் ஞாயிறுக்கு மாறியது. பிரசங்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக்கைப் பிடிக்கலாம். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எழுந்திருக்கும்வரை ஒரு மௌனம் இருக்கும். பசித்த குழந்தைகள் சிணுங்குவது மட்டும் கேட்கும். நாலு வயதுப் பிள்ளை மேடையேறினால் அம்மா குனிந்து காதில் ஓத, "இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும்" என்று அது ஒரே மூச்சில் ஒப்பிக்கும். பெரியவர்களும் பெரும்பாலும் அதே வினைச்சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நம்புகிறேன் அல்ல, தெரியும்.

சொல்லின் வேர் இலத்தீன். சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்' என்ற சொல்லுக்கு, இருவர் வழக்கில் மூன்றாமவராகப் பக்கத்தில் நின்றவர் என்று மூலப்பொருள் சொல்வார்கள். டெஸ்டமென்ட் என்பதும் அதே குடும்பம்தான். தமிழில் அது 'ஏற்பாடு' என்று தனிவழி போய்விட்டதால் உறவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தச் சபை பைபிளோடு சேர்த்து வேதமாக வைத்திருக்கும் மார்மன் புத்தகத்துக்கு 1982இல் ஆங்கிலத்தில் 'இயேசு கிறிஸ்துவின் மற்றொரு டெஸ்டமென்ட்' என்று துணைத்தலைப்பு சேர்த்தபோது, சாட்சி, ஏற்பாடு என்ற இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒலித்தன. தமிழில் ஏதாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

மூன்றாமவராக நின்றவர்கள் இந்தக் கதையில் நிஜமாகவே மூன்று பேர். 1830இல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் மார்மன் புத்தகம் அச்சானபோது ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகியோரின் சாட்சி அறிக்கையும் அதில் சேர்ந்தது. தேவதூதன் வந்து இந்தப் புத்தகத்தின் மூலம் பொறிக்கப்பட்ட பொன்தகடுகளைக் காட்டினான், எங்கள் கண்ணால் பார்த்தோம் என்கிறது அது. இன்றும் ஒவ்வொரு பிரதியிலும் அது இருக்கிறது. ஏறக்குறைய எட்டே ஆண்டுகளில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தோடு மோதி மூவருமே சபைக்கு வெளியே நின்றார்கள். கௌடரி 1848இலும் ஹாரிஸ் 1870இலும் திரும்பி வந்தார்கள். விட்மர் வரவேயில்லை. மிசௌரியின் ரிச்மண்டில் குதிரை லாயம் நடத்திக்கொண்டு 1888 வரை வாழ்ந்தார். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னதில்லை. ஆனால் 1887இல் எழுதிய சிறுநூலில் ஒரு போடு போட்டார்: புத்தகத்தைப் பற்றிய என் சாட்சியை நம்புகிறீர்களானால் இதையும் நம்புங்கள், 1838 ஜூனில் அதே கடவுள்தான் இந்தக் கூட்டத்தை விட்டு விலகச் சொன்னார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 'சாட்சி' என்ற வடசொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. 'அக்ஷ' என்றால் கண். கண்ணோடு கூடியவன் சாக்ஷி. கண்ணால் பார்த்த மூவரும் வெளியேறினார்கள். எதையுமே பார்க்காத ஏதோ ஒரு பாட்டி நாற்பது வருடமாகச் சபையில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இருப்பது கண் சம்பந்தப்பட்ட சாட்சி இல்லை. வேறு சொல் வேண்டும்.

பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். அடுப்புக்கரி, யானை எல்லாம் முந்திக்கொண்டதால் இந்தப் பொருள் மறந்துபோனது. "இந்திரனே சாலும் கரி" என்ற 25ஆம் குறளில் கரி என்றால் சாட்சிதான். கலித்தொகையில், பொய்ச்சாட்சி சொன்னவன் கீழே இருந்த மரம் வாடிப்போவதுபோல் ஒரு பெண்ணின் அழகு வாடுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை இன்னும் நறுக்கென்று ஒரு தொடர் தருகிறது: அறியாக் கரி. தான் அறியாததற்குச் சாட்சி சொல்லி, ஒரு பத்தினியைப் பற்றி அவள் கணவனிடம் கோள் மூட்டியவனைச் சதுக்கப்பூதம் பிடித்துத் தின்றுவிடுகிறது. அவனுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள் என்று கோவலன் கெஞ்சியும் அது கேட்கவில்லை.

இன்று சந்தேகத்தோடு அந்த மேடைக்கு நடக்கும் பல மார்மன்களின் உள்ளே இருப்பது இந்த அறியாக் கரி பயம்தான். நிச்சயமாகத் தெரியாமல் 'தெரியும்' என்று எப்படிச் சொல்வது? சபை தரும் ஒரு பதில் வினோதமானது. டெஸ்டிமனி அதைச் சொல்லும்போதுதான் கிடைக்கிறது என்றார் பாய்டு பேக்கர் என்ற அப்போஸ்தலர். ஓக்ஸும் இதை ஒப்புக்கொண்டு, மற்ற அறிவைப் பெறும் வழிகளோடு ஒப்பிட்டால் இது திகைப்பாகத்தான் தெரியும் என்றார். விமர்சகர்களுக்கு இது தன்னைத்தானே வசியம் செய்துகொள்வது. நீந்தத் தண்ணீரில் இறங்கித்தானே ஆகவேண்டும் என்பது நம்புகிறவர்களின் பதில். எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது.

இதைவிட மென்மையான வழி ஒன்று மார்மன் புத்தகத்திலேயே உண்டு. அதில் ஆல்மா என்ற பகுதியின் 32ஆம் அதிகாரம் கடவுளின் வார்த்தையை விதையாகப் பார்க்கிறது. நம்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால்கூடப் போதும், அதை நட்டுப் பார், முளைத்தால் நல்ல விதை என்கிறது. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டதையும், ஜோசப் ஸ்மித்தின் பலதார மணத்தையும் படித்துத் தடுமாறுகிறவர்களிடம், சபையிலேயே தங்கிவிட்ட மற்றவர்கள் காட்டுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான். தங்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களும் தேவதூதன் அளவுக்குப் போவதில்லை. ஞாயிறு வகுப்பில் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பிரசவத்தின்போது முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டார். ஜெபித்தபோது ஒருமுறை கிடைத்த, வேறு எதனாலும் விளக்க முடியாத அமைதி. உள்ளூர் அளவில் சம்பளமில்லாத ஊழியர்களை வைத்தே ஓடும் சபை என்பதால் ஆளுக்கொரு வேலை தலையில் விழும். வேலை இருப்பவர் அவ்வளவு சுலபத்தில் கிளம்பமாட்டார்.

சரி, தமிழ்ச் சொல்? மேடையில் சொல்வதற்குச் 'சாட்சி' போதும். நம் ஊர்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் 'சாட்சி சொல்வது' அன்றாட வழக்கு. கத்தோலிக்கர்கள் 'சான்று பகர்தல்' என்பார்கள், அதுவும் சரியே. உள்ளே வைத்திருப்பதற்குத்தான் ஆள் தேட வேண்டும். 'மனசாட்சி' அழகாகப் பொருந்தும், ஆனால் அதை வேறு வேலைக்கு வைத்துவிட்டோம். 'இரட்சிப்பின் நிச்சயம்' என்பதில் வரும் 'நிச்சயம்' பக்கத்தில் வருகிறது. ஆனால் தேய்ந்து வளரும் ஒன்றை நிச்சயம் என்பது இடிக்கிறது. நான் 'அகச்சான்று' என்பேன். இலக்கிய ஆராய்ச்சியில் நூலுக்குள் கிடைக்கும் ஆதாரத்தைச் சொல்லும் சொல்தான், மனிதருக்குள் கிடைப்பதற்கும் நீட்டலாம். "என் அகச்சான்று தளர்ந்திருக்கிறது" என்றால் வக்கீல் நினைவுக்கு வரமாட்டார்.

வினைச்சொல்லில் மட்டும் மொழிபெயர்ப்பவர் கவனமாக இருக்க வேண்டும். சபையின் 2013 ஏப்ரல் மாநாட்டில் ஜெஃப்ரி ஹாலண்ட் என்ற அப்போஸ்தலர் ஒரு பதினான்கு வயதுப் பையனைப் பற்றிப் பேசினார். சபை உண்மை என்று எனக்குத் தெரியும் என்று இன்னும் சொல்ல முடியவில்லை, ஆனால் நம்புகிறேன் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னானாம். ஹாலண்ட் அவனை இறுக்கக் கட்டிக்கொண்டு, நம்புவதற்காக மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே என்றார். பையன் சொன்னதைத் தமிழில் எழுதும்போது, ஓசைக்காகவோ வழக்கத்துக்காகவோ 'அறிவேன்' என்று மாற்றிவிடக் கூடாது. அவன் சொன்னது 'நம்புகிறேன்'.