பாங்காக் தெருக்கடையும் ‘பழகின வயிறு’ம்

“நம்ம ஊர் ரோட்டுக்கடையில சாப்பிட்டு வளர்ந்த வயிறு டாக்டர், பாங்காக் சாப்பாடெல்லாம் ஒண்ணும் பண்ணாது.” 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்ததிலிருந்து இந்தப் பேச்சு அலுக்கும் அளவுக்குக் காதில் விழுகிறது. சொல்லிவிட்டுப் போனவர்களில் சிலர் மூன்றாம் நாள் ஹோட்டல் அறையிலிருந்து போன் செய்கிறார்கள். சிலர் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து மஞ்சள் கண்ணோடு வந்து உட்காருகிறார்கள். இந்த வாரமும் ஒருவர் வந்தார். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெருக்கடையில் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாங்காக்கின் சைனாடவுனான யாவரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், கண்ணெதிரே தீ பறக்கும் வாணலியில் புரட்டி நேராகத் தட்டில் கொட்டும் சாப்பாடு, ஹோட்டல் பஃபேயில் இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சாப்பாட்டைவிட நல்லது. பயப்பட வேண்டியது வண்டிக்கடையைப் பார்த்து அல்ல. வேகாததையும், வெந்து வெகுநேரம் ஆனதையும் பார்த்து.

‘பழகின வயிறு’ என்ற நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு கிருமி உள்ளே போய், உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்டால், அதே கிருமி மறுபடி வரும்போது ஓரளவு தடுக்கும். அவ்வளவுதான். பல சமயம் அந்தத் தடுப்பு அந்த ஒரு ரகத்துக்கு மட்டுமே. வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை பாக்டீரியாவில் எத்தனையோ ரகம். ஒன்றுக்குப் பழகியவருக்கு அடுத்தது புதிது. பெரும்பாலும் சரியாக வேகாத கோழியிலிருந்து வரும் கேம்பிலோபாக்டர் தாய்லாந்தில் பயணிகளைப் படுக்கவைக்கும் முக்கியமான கிருமிகளில் ஒன்று. நாம் எந்த ஊர்க்காரர் என்று அது கேட்பதில்லை.

அடுத்தது ஹெபடைடிஸ் ஏ, அதாவது சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வரும் மஞ்சள் காமாலை. 1970-களில் பிறந்த பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு உண்டு. கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் வளர்ந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அந்த எதிர்ப்பு இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். அப்பாவின் வயிற்றை நம்பி மகன் சாப்பிடுகிறான்! குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் அடையாளமே தெரியாமல் போகிற நோய், பெரியவருக்கு வந்தால் வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். தடுப்பூசி இருக்கிறது. கிளம்ப இரண்டு வாரம் முன்னதாகவாவது போட்டுக்கொள்ளுங்கள். டைபாய்டு ஊசியையும் சேர்த்தே கேளுங்கள்.

மூன்றாவது, நச்சு. காலையில் வடித்து வெளியே வைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் வளர்ந்து நச்சைக் கக்கிவிட்டால், இரவு அதைப் பொரித்தாலும் நச்சு போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வாந்தி பிடிக்கும். எவ்வளவு பழகினாலும் இதற்குத் தடுப்பு வராது.

நான்காவது, புழு. இதைச் சொன்னால்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஈசான் என்கிற வடகிழக்குப் பகுதிச் சமையல் பாங்காக் முழுக்கக் கிடைக்கிறது. அதில் கொய் ப்லா என்று ஒன்று: பச்சை ஆற்றுமீனைக் கொத்தி, எலுமிச்சை, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி போட்டுப் பிசைந்தது. ஒபிஸ்தோர்கிஸ் என்ற கல்லீரல் தட்டைப்புழு இந்த மீன்கள் வழியாகத்தான் மனிதனுக்குள் வந்து பித்தநாளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. 1994-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு தடவை சாப்பிட்டால் புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் புழு வர ஒரு தடவை போதும்.

“எலுமிச்சை பிழிஞ்சிருக்கே, மீன் வெந்த மாதிரி வெள்ளையா ஆயிடுதே” என்பார்கள். புளிப்பு பட்டால் மீனின் புரதம் திரிந்து நிறம் மாறும். அது வேகுவதாகாது. புழுவும் பெரும்பாலான கிருமிகளும் அந்த ஐந்து நிமிடப் புளிப்பில் சாகாது. மிளகாயும் அப்படியே: காரம் உங்கள் நாக்கைச் சுடும், கிருமியைச் சுடாது. மீன் சாஸில் ஊறிய பச்சை இறாலுக்கும், குங் சே நம் ப்லா என்பார்கள், இதே பதில்தான்.

சொம் தம், அதாவது பச்சைப் பப்பாளி சாலட் விற்கும் கடையில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். மண் உரல், மர உலக்கை. பூண்டும் மிளகாயும் முதலில் விழும்; பிறகு பனைவெல்லம், காராமணிக்காய், தக்காளி, உலர்ந்த இறால், வேர்க்கடலை, எலுமிச்சை, மீன் சாஸ்; கடைசியில் சீவிய பச்சைப் பப்பாளி. இதில் அடுப்பு எங்கே? இல்லை. பப்பாளி எப்போது சீவினது, எந்தத் தண்ணீரில் ஊறுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். பக்கத்து டப்பாவில் உப்பு நீரில் கறுப்பு வயல் நண்டு கிடக்கும். அது பச்சை நண்டு. இன்னொரு பானையில் ப்லா ரா, புளிக்கவைத்த மீன். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ‘சொம் தம் தாய்’ கேளுங்கள். நண்டும் ப்லா ராவும் இல்லாத வகை. ஆர்டர் கொடுத்த பிறகு பப்பாளியைச் சீவும் கடையாக இருக்கட்டும். உரல் ஒன்றே என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் நின்றவர் நண்டு கேட்டிருந்தால் அதன் சாறு உங்கள் தட்டிலும் உண்டு. வேர்க்கடலை அலர்ஜி, இறால் அலர்ஜி உள்ளவர்கள் இந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம், தயவுசெய்து. அலர்ஜியில் மூச்சு இரைத்தால் செட்டிரிசின் மாத்திரை காப்பாற்றாது. தேவை அட்ரினலின் ஊசி. கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

ஹொய் க்ரேங் என்கிற ரத்தச் சிப்பியைச் சில நொடிகள் வெந்நீரில் முக்கி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தருவார்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டி வாழும் உயிர். கழிவுநீர் கலந்தால் வைரஸையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அழிய சிப்பியின் உட்பகுதி 90 டிகிரியில் 90 நொடி இருக்க வேண்டும். 1988-இல் ஷாங்காயில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியது இதே குடும்பத்துச் சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிட்டதால்தான். பச்சை ஆய்ஸ்டர் இன்னொரு ஆபத்து. கல்லீரல் கெட்டவர்கள், தினமும் குடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிலுள்ள விப்ரியோ கிருமி ரத்தத்தில் ஏறி ஓரிரு நாளில் உயிரையே எடுக்கலாம். பச்சைப் பன்றி இறைச்சியைக் கொத்திப் பிசைந்த லாப் வேண்டவே வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் பலருக்குக் காது போய்விடுகிறது, நிரந்தரமாக.

சரி, எதைச் சாப்பிடலாம்? குவாய் தியாவ் நூடுல்ஸ் கடையில் குழம்புப் பானை தளதளவென்று கொதிக்க வேண்டும், வெறும் ஆவி போதாது. மேலே தூவும் முளைப்பயறைப் பச்சையாக வாங்காமல், அதே கொதிநீரில் முக்கித் தரச் சொல்லுங்கள். பாட் கப்ராவ், துளசி இலை போட்டு வறுத்த கறி, உங்களுக்கென்று புதிதாக வாணலியில் போடுவது, நல்லது. முட்டையின் மஞ்சள் கரு ஒழுகாமல் இருக்கட்டும். மூ பிங் குச்சிக் கறியில், பச்சைக் கறிக்கும் வெந்த கறிக்கும் ஒரே பிரஷ்ஷில் மசாலா தடவினால் அடுத்த கடைக்கு நகருங்கள். காவ் மன் காய் என்கிற கோழிச் சோற்றுக் கடையில் கோழியும் வெள்ளரிக்காயும் ஒரே பலகையில், ஒரே கத்தியில் வெட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். காவ் கேங் கடைகளில் தட்டு தட்டாகக் கறி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் விடிகாலையில் சமைத்தது. காலை பத்து மணிக்குள் சாப்பிடுங்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு வேண்டாம். ஏப்ரல் வெயிலில் இன்னும் கறாராக இருங்கள். வேண்டிய ஒரு தாய்ச் சொல்: “சுக் சுக்”, நன்றாக வேகட்டும் என்று அர்த்தம்.

ஐஸைப் பற்றித்தான் எல்லோரும் பதறுகிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ், ஆலையில் குடிநீரில் செய்தது. பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பாளமாக வந்து உடைத்த ஐஸும், மீன் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸும் கூடாது. வெட்டிவைத்த பழத்தைவிட, முழுப் பழத்தைக் காட்டி வெட்டச் சொல்வது நல்லது.

சைவர்களுக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று தாய் மொழியில் போட்ட கடை பாருங்கள். இறைச்சி, மீன் சாஸ், முட்டை, பூண்டு எதுவும் இருக்காது. மற்ற கடைகளில் வெறும் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாஸோ ஆய்ஸ்டர் சாஸோ விழுந்துவிடும்.

இனி மாத்திரை. பையில் ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் ஆன்டிபயாடிக் பட்டை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை போனதும் விழுங்குவதை நிறுத்துங்கள். தாய்லாந்தில் கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் அந்த வகை மருந்துக்கு அடங்குவதில்லை. வீணாக விழுங்குவதுதான் மிச்சம். ரத்தம் கலந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ போக்கை நிறுத்தும் லோபராமைடு கூடாது. குழந்தைகளுக்கு எப்போதும் கூடாது.

வேண்டியது ஓ.ஆர்.எஸ். நம் ஊர் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பும் சர்க்கரையும் மிகுந்து போக்கு கூடும். அங்கே வாங்கினால் பாக்கெட்டில் எத்தனை மில்லி போட்டிருக்கிறதோ அத்தனை மில்லி, சீல் பிரிக்காத பாட்டில் தண்ணீரில். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர். வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய். இளநீரிலும் ஸ்போர்ட்ஸ் டிரிங்கிலும் சோடியம் போதாது.

ரத்தம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எதுவும் வயிற்றில் நிற்காத வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. அங்கே ஆம்புலன்ஸ் எண் 1669. கர்ப்பிணிகளும் முதியவர்களும் இவ்வளவு தூரம் காத்திருக்கவே கூடாது.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு வேண்டுகோள். ஹெபடைடிஸ் ஏ வெளியே தெரிய 50 நாள் வரை ஆகலாம். காய்ச்சல், குமட்டல், கோமியம்போல் மஞ்சளாகச் சிறுநீர் என்று மருத்துவரிடம் போகும்போது, பாங்காக் போனதைக் கேட்காமலேயே சொல்லுங்கள். எந்தத் தேதியில், பச்சையாக என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதையும். பச்சை ஆற்றுமீன் சாப்பிட்டிருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு மாதம் கழித்து மலத்தில் புழுமுட்டை இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் பிரசிகுவான்டல் மாத்திரையில் சரியாகிவிடும்.