அந்த சூப் எதில் கொதித்தது என்று கேட்டீர்களா?

மூன்று வருஷமாக என்னிடம் வரும் ஒரு அம்மா. பிறந்ததிலிருந்து சைவம், முட்டையைக் கூடத் தொடமாட்டார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் எட்டே மேஜை உள்ள ஒரு சின்ன உணவகம், பாதி மெனு ஜப்பான் சாப்பாடு, மீதி பாதி தைவான் சாப்பாடு. வாரம் ஒருமுறை அங்கே போய், புளித்த சோயா விழுதில் செய்யும் ஒரு மிசோ சூப்பும், பொரித்த டோஃபுவும் (சோயா பன்னீர்) சாப்பிட்டுவிட்டு வருவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். நான் எழுதி வரச் சொன்ன உணவுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அது இருந்தது.

"அம்மா, அந்த சூப் எதில் கொதிக்கிறது என்று கேட்டீர்களா?" என்றேன்.

"டோஃபுதானே மேடம் மிதக்கிறது, மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். வேறென்ன இருக்கப்போகிறது?"

மீன் இருக்கிறது. மிசோ சூப்பின் அடிப்படை டாஷி என்கிற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்கிற, புகையூட்டி மரக்கட்டை போல உலர்த்திய மீனைச் சீவிய சீவலையும் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் வருவது டாஷி. வடிகட்டிய பிறகு மீனின் துணுக்கு கூடக் கண்ணில் படாது. அதைச் சொன்னதும் அவர் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகர். ஒவ்வாமை, சிறுநீரகம், இதயம், சர்க்கரை என்று வருகிறவர்கள்தான் அதிகம். வெளியே சாப்பிடாதீர்கள் என்று நான் யாரையும் தடுப்பதில்லை, அதிலும் இந்த மாதிரி அக்கம்பக்கத்துச் சின்ன உணவகங்கள் எனக்கே மிகவும் பிடிக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: தட்டில் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். சூப், சாஸ், எண்ணெய், இந்த மூன்றையும் பற்றிக் கேளுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டாஷியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் கிகுனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அந்த கொம்பு சாற்றில் இருந்துதான் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அந்தச் சுவைக்காகவே இந்தச் சமையலில் எங்கு திரும்பினாலும் டாஷி. அகேதாஷி டோஃபு என்று அந்த அம்மா சாப்பிட்ட பொரித்த டோஃபு நிற்கும் சாறு, டெம்புராவைத் தோய்க்கும் சாறு, உடோன் நூடுல்ஸின் சூப், சவான்முஷி என்ற முட்டை அவியல், சுருட்டிய முட்டைப் பொரியல், எல்லாவற்றிலும் அதுதான். "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் "இல்லை" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. மீன் துண்டு எதுவும் இல்லைதானே! சமைக்கிறவருக்கு டாஷி தனியாக ஒரு பொருளாகவே தோன்றுவதில்லை, அது அவருக்குத் தண்ணீர் மாதிரி. அதனால் கேள்வியை மாற்றுங்கள். "டாஷி எதில் செய்தது? வெறும் கடற்பாசியா, மீன் சீவலும் சேர்ந்ததா?" இப்படிக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். சைவத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஜப்பானும் தைவானும் ஒரே மெனுவில் எப்படி வந்தது என்று சிலர் கேட்பார்கள். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது, அந்த ஐம்பது வருஷத்தில் சமையலும் கலந்துவிட்டது. கலந்ததில் பெயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஜப்பானிய டெம்புரா என்றால் மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறியோ இறாலோ. அதே பெயரிலிருந்து வந்த தைவானின் தியன்புலா பெரும்பாலும் அரைத்த மீனில் செய்த துண்டு. பெயரை நம்பி ஆர்டர் செய்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

தைவான் பக்கம் சைவத்துக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பௌத்த மரபால் அங்கே சைவச் சாப்பாடு ஆழமாக வேரூன்றியது. பொட்டல உணவில் முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது என்று தனித்தனியாக அச்சிடும் அளவுக்கு அதில் அக்கறை உண்டு. அதனால் தைவான்காரர் சமையலறையில் இருந்தால் சைவம் என்றால் என்ன என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, போலி இறைச்சி: அது பெரும்பாலும் கோதுமைப் புரதத்தில் செய்தது, சிலவற்றில் முட்டை வெள்ளையும் சேரும். இன்னொன்று, வெந்நீரில் வாட்டிய கீரை. பார்த்தால் அதைவிடச் சாதுவான பதார்த்தம் மெனுவிலேயே இருக்காது. ஆனால் லூ ரோ ஃபான் என்ற சோறுக்கு ஊற்றும் பன்றி இறைச்சிச் சாற்றையே ஒரு கரண்டி அந்தக் கீரை மேலும் ஊற்றித் தருவது அங்கே வழக்கம். மேலே தூவும் பொரித்த சின்ன வெங்காயம் பன்றிக் கொழுப்பில் பொரித்ததாகவும் இருக்கலாம். "சாஸ் ஊற்றாமல் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து சோயா சாஸ். பெயரில் சோயா மட்டும்தான் இருக்கிறது, ஆனால் சாதாரண ஜப்பானிய சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறக்குறைய சம அளவு. சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய் உள்ளவர்கள், சோறு, மீன், டோஃபு என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, சாஸில் ஏமாந்துபோகிறார்கள். டமாரி என்ற வகையில் கோதுமை இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும், எது என்று புட்டியைப் பார்த்தால்தான் தெரியும். தைவானின் பொரித்த கோழித் துண்டுகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் புரட்டியவை, கோதுமை இல்லை என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன்: ஊறவைத்தது எதில்? பொரித்த எண்ணெயில் வேறென்ன பொரிகிறது? ஊறியது சோயா சாஸில், எண்ணெயில் பக்கத்திலேயே கோதுமை மாவு டெம்புரா. அப்புறம் எங்கே தப்பிப்பது? இறால் ஒவ்வாமை உள்ளவர் காய்கறி டெம்புரா கேட்கும்போதும் இதே எண்ணெய்க் கதைதான். இன்னும் ஒன்று, யாருமே யோசிக்காதது: உட்கார்ந்ததும் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்து வைக்கும் பழுப்பு நிற டீ சில இடங்களில் பார்லி டீ. பார்லியிலும் குளூட்டன் உண்டு.

சோபா நூடுல்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பக்வீட் என்ற தானியத்தில் செய்வது. அந்த ஒவ்வாமை சிலருக்கு மிகக் கடுமையாக வரும். ஜப்பானில் பொட்டல உணவில் கட்டாயம் அச்சிட வேண்டிய பொருட்களில் பக்வீட்டும் ஒன்று. உடோன் கோதுமையில் செய்தது, அதில் பக்வீட் கிடையாது, ஆனால் சின்னச் சமையலறையில் இரண்டையும் ஒரே பானைத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள் என்றால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

என்னைத் தூங்கவிடாத சம்பவம் ஒன்று உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு கல்லூரி மாணவர், ரொம்ப எச்சரிக்கையான பையன். குவா பாவ் ஆர்டர் செய்தார், ஆவியில் வெந்த வெள்ளை பன்னை மடித்து உள்ளே பன்றி இறைச்சியும் ஊறுகாய்க் கீரையும் வைத்து, மேலே சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடி தூவுவார்கள். "கடலைப் பொடி வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னார், அவர்களும் தூவவில்லை. ஆனால் அதற்கு முன் நாலு பன் போன அதே பலகை, அதே இடுக்கி. அந்தப் பொடி மாவு மாதிரி நைசானது, கையில் ஒட்டினால் தெரியாது. இரண்டு கடி கடித்ததும் உதடு தடித்தது, அப்புறம் தொண்டை. அட்ரினலின் ஊசி பையில் இருந்தது, பை காரில் இருந்தது. கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. நண்பன் ஓடிப்போய் எடுத்துவந்து போட்டதால் பிழைத்தார், மறுநாள் வார்டில் நான் பார்த்தபோது குரல் இன்னும் கரகரத்துக்கொண்டிருந்தது.

அவர் கேட்ட கேள்வி சரிதான், ஆனால் பாதிதான். "போடாதீர்கள்" என்பதோடு "எனக்கு ஒவ்வாமை, கையுறையை மாற்றி, சுத்தமான பலகையில் செய்ய முடியுமா?" என்பதும் சேர வேண்டும். முடியாது என்று அவர்கள் சொன்னால் அது நேர்மையான பதில், நன்றி சொல்லிவிட்டு வேறெதையாவது சாப்பிடுங்கள். எள் விஷயத்திலும் அப்படித்தான், தைவானின் குளிர்ந்த நூடுல்ஸில் எள் விழுதுதான் பிரதானம். ஊசி உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், காரில் இல்லை, கோட்டு மாட்டும் இடத்தில் இல்லை. மூச்சு இரைத்தாலோ தொண்டை இறுகினாலோ முதலில் ஊசி, உடனே அவசர ஊர்திக்கு போன். ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அந்த மாத்திரை ஊசியின் வேலையைச் செய்யாது.

உப்புக்கு வருகிறேன். இதயம் பலவீனமான ஒரு பெரியவர், பேரனோடு போய் ஒரு பெரிய கிண்ணம் ராமென் என்ற சூப் நூடுல்ஸ் சாப்பிட்டு, "வீணாக்கக் கூடாது" என்று கடைசிச் சொட்டு வரை சூப்பைக் குடித்துவிட்டார். மூன்றாம் நாள் கால் வீங்கி வந்தார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ராமெனை சூப்போடு முழுதாக முடித்தால் அந்த ஒரே வேளையில் அந்த அளவைத் தொடுவதோ தாண்டுவதோ சாதாரணம். ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ராமெனின் உப்பில் பெரும்பகுதி பெரிய பானையில் கொதிக்கும் எலும்புச் சாற்றில் இல்லை. தாரே என்ற அடர்த்தியான சோயா அல்லது உப்புக் கலவையை ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் கரண்டியால் ஊற்றி, அதன்மேல்தான் சாற்றை ஊற்றுகிறார்கள். அதாவது உங்கள் கிண்ணத்துக்கு மட்டும் குறைக்க முடியும். "தாரே பாதி போதும்" என்று சொல்லுங்கள். நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள், அது வீணாக்குவது ஆகாது. மேஜையில் இருக்கும் சோயா சாஸையும் ஊற்றாதீர்கள், தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், நாள் முழுவதற்கும் உள்ள 2000 மில்லிகிராமில் அது பாதியை நெருங்குகிறது.

மரவள்ளி மாவு உருண்டைகள் போட்ட தைவானின் பபிள் டீயில் இனிப்பைக் குறைத்துக் கேட்கலாம், பல கடைகளில் பாதி, கால் என்று அளவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கறுப்பு உருண்டைகளைச் சர்க்கரைப் பாகில்தான் ஊறவைத்திருப்பார்கள், எனவே இனிப்பே வேண்டாம் என்று சொன்னாலும் சர்க்கரை உள்ளே போகும். சர்க்கரை நோய் இருந்தால் உருண்டை இல்லாமல் வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்கு உருண்டையே வேண்டாம், அகலமான உறிஞ்சு குழலில் சர்ரென்று ஏறித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பச்சை மீனைப் பற்றிச் சுருக்கமாக: மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்தால் ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும், பாக்டீரியா சாகாது. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் வேகவைத்ததையே கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாட்டோ என்ற புளித்த சோயாவைத் தொட வேண்டாம், அதில் வைட்டமின் கே மிக அதிகம், மாத்திரையின் வேலையையே கெடுத்துவிடும்.

இவ்வளவும் கேட்டால் உணவகத்தில் கோபித்துக்கொள்வார்களோ என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். அந்த அம்மாவுக்கும் அதே தயக்கம். அதனால் ஒரு மதியம் நானே அவரோடு போனேன். கூட்டம் குறைந்த நேரம், மூன்று மணி. உணவகம் நடத்தும் பெண்மணிதான் சமைக்கிறவரும். நாங்கள் கேட்டதும் உள்ளே போய், டாஷித் தூள் பொட்டலத்தையும் சோயா சாஸ் புட்டியையும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். பொட்டலத்தின் பின்பக்கம் இருந்த சிறிய எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இது மீன், இது மீன், இதுவும் மீன்" என்றார். இத்தனை நாள் தெரியாமல் கொடுத்துவிட்டேனே என்று அவருக்கும் வருத்தம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கொம்புவும் உலர்ந்த ஷிட்டாகே காளானும் மட்டும் போட்டுத் தனியாக ஒரு சின்னப் பானை டாஷி செய்து தருகிறேன் என்றார். காளான் இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வேண்டும், அதனால் முந்தின நாளே சொல்லிவிட்டால் போதும். கொம்புவில் அயோடின் மிக அதிகம் என்பதால் தைராய்டு ஏதும் இருக்கிறதா என்று நான் ஒருமுறை அம்மாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன், அவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

குறிப்பேட்டில் இப்போதும் செவ்வாய்க்கிழமைதோறும் மிசோ சூப் இருக்கிறது. திங்கட்கிழமைப் பக்கத்தின் கீழே "போன் செய்தாச்சு" என்று எழுதி ஒரு டிக் போட்டிருக்கிறார்.